வாங்கை நகர்த்தியவர்கள்

(பழைய பூங்காக்களைத் திருத்துவது பற்றி இலங்கையின் நாலந்தாவில் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சின் போக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



பின்னால் நின்றுகொண்டிருக்கும் தம்பிமாரே, முன்னால் கதிரைகள் சும்மா கிடக்கின்றன, வந்து இருக்கலாம். வரமாட்டீர்கள் என்று தெரியும். நீங்கள் நிற்கும் இடத்தில் காற்று வருகிறது, வாசல் பக்கத்தில் இருக்கிறது, பேச்சு அலுத்தால் சத்தமில்லாமல் நழுவலாம். காரணம் இல்லாமல் யாரும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. நான் இன்று பேச வந்ததும் கிட்டத்தட்ட இதைப் பற்றித்தான்.

பழைய பூங்காக்களை ஊர்ச் சனத்துக்கு உதவும்படி திருத்துவது எப்படி என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். நான் கட்டடக்கலை படித்தவன் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் படிப்பித்தவன். பிள்ளைகளுக்கு வரைபடம் கீறக் கற்றுக்கொடுத்துவிட்டு, வரைபடத்தை முழுக்க நம்ப வேண்டாம் என்றும் சொன்னவன். ஓய்வுபெற்ற பிறகு போகிற ஊரிலெல்லாம் பூங்காவைத் தேடிப் போய் இருக்கிறேன். வீட்டில் கேட்டால் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள்.

காலையில் பஸ்ஸால் இறங்கியதும் நேரே கெடிகேக்குத்தான் நடந்தேன். நாலந்தாக்காரருக்கு நான் கெடிகே பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமல்லபுரம் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டடத்தைக் கண்டவுடன் பிடிபடும்: பல்லவர் பாணிக் கற்கோயில். ஆனால் உள்ளே இந்துத் தெய்வம் ஒன்றும் இல்லை, பௌத்தர்கள் வழிபட்ட இடம். எட்டாம் நூற்றாண்டா, பத்தாம் நூற்றாண்டா என்று அறிஞர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. இலங்கையின் நடுப்புள்ளி இதுதான் என்று ஊரில் ஒரு பெருமையும் உண்டு.

இது இப்போது இருக்கும் இடம் பழைய இடம் இல்லை. முன்பு வயல் நடுவில் இருந்தது. மகாவலித் திட்டம் வந்தது. பொல்கொல்லையில் மறித்த தண்ணீர் சுரங்கத்தால் உக்குவளைக்கு வந்து, சுது கங்கை, அம்பன் கங்கை வழியாகப் போவத்தென்னைக்குச் சேர்ந்து, அங்கிருந்து கலாவெவப் பக்கம் போக வேண்டும். போவத்தென்னை நீர்த்தேக்கம் நிரம்பினால் கெடிகே தண்ணீருக்குள். அதனால் 1970களில் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். நீர்மட்டத்துக்கு மேலே மேடு கட்டி, 1980களில் மறுபடி அடுக்கி முடித்தார்கள்.

இன்று காலை அந்தப் படியில் இருந்து யோசித்தேன். ஒரு கோயிலைப் பிரித்து வேறிடத்தில் வைப்பவர், எந்தக் கல் எதன்மேல் இருந்தது என்று தெரியாமல் கைவைக்க முடியாது. அளக்க வேண்டும், குறிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் முதற்கல்லை அசைக்கலாம். ஒரு சிறுவர் பூங்காவைத் திருத்த வருகிறவர் இதில் காற்பங்கு பொறுமையாவது காட்டுகிறாரா? நான் கண்டவரை இல்லை. பூங்காவிலும் கற்கள் உண்டு. யார், எந்த நேரத்தில், எந்த இடத்தில் வந்து இருக்கிறார் என்பதுதான் அந்தக் கற்கள். கண்ணுக்குத் தெரியாத கற்கள் என்பதால் புல்டோசர்க்காரருக்கு அது வெறும் நிலம்.

ஒரு பூங்காவின் கதையைச் சொல்கிறேன். மலையகத்தில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் அரை ஏக்கர் அளவு நிலம். நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம். துருப்பிடித்த ஊஞ்சல் இரண்டு, அதில் ஒன்றுக்குச் சங்கிலி மட்டும். கொங்கிறீட் வாங்குகள் நாலு. வரைபடம் கீறியவர் அவற்றைப் பாதையோரமாக வரிசையாகப் போட்டிருந்தார், வெயிலில். சனம் பார்த்தது. யாரோ நாலைந்து பேர் சேர்ந்து இரண்டு வாங்கைக் கிளப்பிக்கொண்டுபோய் மரத்தடியில் எதிரெதிராக வைத்துவிட்டார்கள். கொங்கிறீட் வாங்கைத் தூக்குவது சின்ன வேலை இல்லை. அதற்குப் பிறகுதான் அங்கே ஆட்கள் இருக்கத் தொடங்கினார்கள். பின்வேலியில் ஒரு கம்பி அறுந்திருந்தது. அந்த ஓட்டையால் நுழைந்தால் வைத்தியசாலைக்கு ஐந்து நிமிடம், வீதியால் சுற்றினால் பதினைந்து. ஓட்டையிலிருந்து முன்வாசல்வரை புல் தேய்ந்து, மூலைவாட்டில் ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது.

நான் அங்கே ஒரு நாள் முழுக்க இருந்தேன். விடிய ஐந்தரைக்குச் சீனி வருத்தக்காரர் நடக்க வந்தார்கள், சேட்டுப் பொக்கற்றில் மருந்துத் துண்டோடு. ஏழு மணிக்கு வெள்ளைச் சீருடை ஓட்டையால் வந்து வாசலால் போனது. பத்து மணிக்கு மேல் தோட்டத்துத் தாய்மார், கைக்குழந்தையோடு கிளினிக் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள். மரத்தடி வாங்கு முழுக்க அவர்கள்தான். ஒரு அக்கா சாக்கை விரித்துக் கச்சான் விற்றார். பிள்ளை அழுதால் அவரே தூக்கி ஆட்டுவார். பின்னேரம் பெடியன்கள் கிரிக்கெட். ஆறு மணிக்கு ஒரு சோடி, ஒரு குடை. ஏழு மணிக்கு இருட்டு, இருட்டோடு போத்தல்.

இரண்டு வருடம் கழித்துப் போனேன். பூங்கா திருத்தப்பட்டிருந்தது. வாசலில் வளைவு, அதில் திறந்துவைத்தவர் பெயர், பூங்காவின் பெயரைவிடப் பெரிய எழுத்தில். மரத்தைத் தறித்துவிட்டார்கள், இலை கொட்டுகிறதாம். மரம் நின்ற இடத்தில் நீரூற்று, அதைச் சுற்றி வழுக்குகிற டைல்ஸ். கொங்கிறீட்டில் ஒரு மான் குட்டி. பழைய டயர்களுக்கு நிறம் பூசிப் பூச்சாடி. பின்வேலி ஓட்டையை அடைத்துச் சுவர். வாங்குகள் மறுபடி பாதையோரத்தில், வெயிலில், இந்த முறை அசைக்க முடியாதபடி சீமெந்தில் பதித்து. நீரூற்றில் தண்ணீர் இல்லை. டயருக்குள் தண்ணீர் இருந்தது. அதில் என்ன பெருகும் என்று டெங்கு வந்து போன வீட்டாரைக் கேளுங்கள். தாய்மார் பஸ் தரிப்பிடத்துத் தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். கச்சான் அக்காவைக் காணவில்லை.

செலவழித்தவர்கள் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. கேள்விப்பத்திரத்தில் எழுதியதை ஒப்பந்தக்காரர் கட்டியிருக்கிறார். அதை எழுதியவர் ஒரு நாளாவது அங்கே போய் இருந்திருந்தால், அந்தப் பூங்கா ஏற்கனவே திருத்தப்பட்டுவிட்டதைக் கண்டிருப்பார். வாங்கை நகர்த்தியவர்கள் திருத்தினார்கள். வேலியை அறுத்தவன் திருத்தினான். தேய்ந்த பாதைதான் வரைபடம். செய்ய வேண்டியிருந்தது, அந்தப் பாதைக்குக் கல் பதித்து, ஓட்டைக்கு ஒரு சின்னப் படலை போட்டு, மரத்தடியில் இன்னும் நாலு வாங்கு வைத்து, ஒரு மலசலகூடமும் இரண்டு விளக்கும். ஊஞ்சலுக்குச் சங்கிலி.

நம்மவர்களுக்கு இது தெரியாத கலையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பழைய பாதையோரங்களில் மடம் கட்டினார்கள். மடம் என்றால் வெறும் கூரை இல்லை. பக்கத்தில் கேணி. தலைச்சுமையோடு வருகிறவர் யாரையும் கூப்பிடாமல் தானே இறக்கிவைத்துத் தானே ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் சுமைதாங்கிக் கல். மாடு உடம்பு உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல். பருத்தித்துறையில் வீதியையே மூடிக் கூரை போட்ட தெருமூடி மடம் இன்றும் இருக்கிறது, அதற்குள்ளால் வீதி போகிறது. வீட்டுப் படலைக்கும் கூரை போட்டுத் திண்ணை வைத்தார்கள், சங்கடப் படலை என்று பெயர், வழிப்போக்கனுக்காக. இந்தப் பக்கத்துச் சிங்கள ஊர்களில் அம்பலம என்று நிற்பதும் இதே காரியந்தான். மாட்டுக்கு முதுகு அரிக்கும் என்று யோசித்துக் கல் நட்டவனுக்கு முன்னால், கைக்குழந்தைக்காரிக்கு நிழல் வேண்டும் என்று தோன்றாத நாம் என்ன முன்னேறியிருக்கிறோம்?

கொழும்புக்கு வருவோம். காலிமுகத்திடலில் ஒரு கல் நிற்கிறது. தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த உலாவுபாதையின் கல் அது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உதவும்படி இதைக் காக்க வேண்டும் என்று தனக்குப் பின்னால் வருகிற ஆட்சியாளர்களுக்கு வேண்டுகோளாக அதில் பொறித்திருக்கிறார். அவர் மனதில் இருந்த பெண்களும் பிள்ளைகளும் யாருடையவர்கள் என்பது வேறு விஷயம். ஆனால் எத்தனை ஆட்சி மாறியும் அந்தத் திடல் திடலாகவே இருக்கிறது. பட்டம் விடலாம், இறால் வடை தின்னலாம், குடைக்குள் இருக்கலாம். 2022 ஏப்ரலில் அரசுக்கு எதிராகப் போராடச் சனம் வந்து குந்தியபோது அங்கே சில நாட்களுக்குள் சமையற்கூடம், நூலகம், முதலுதவிக் கூடாரம் எல்லாம் வந்துவிட்டன. யாரும் கேள்விப்பத்திரம் கோரவில்லை. அரசியலை விடுங்கள், ஒரு வெறும் நிலத்தில் மனிதருக்கு முதலில் என்னென்ன தேவைப்படும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

விகாரமகாதேவி பூங்காவும் அப்படித்தான் பல வேடம் போட்டது. விக்டோரியா பூங்காவாக இருந்தது, உலகப் போரில் படைமுகாமானது, 1951இல் மறுபடி சனத்துக்குத் திறந்தார்கள். 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழே போன பிறகு கொழும்பை அழகுபடுத்தும் வேலை வேகமாக நடந்தது. பூங்காவின் வேலியை எடுத்தார்கள். நடைபாதைகள் போட்டார்கள். வேலியை எடுத்தது நல்ல காரியம், நான் மனதாரச் சொல்வேன், வேலியில்லாத பூங்கா ஊரோடு ஒட்டிவிடும். ஆனால் அதே அழகுபடுத்தலின் பெயரில் அதே காலத்தில் எத்தனையோ குடும்பங்களைக் குடியிருந்த இடத்திலிருந்து எழுப்பினார்கள். பூங்காவில் காற்று வாங்க வந்திருக்க வேண்டிய சனம் அது. யாரையும் கேட்காமல் செய்த வேலையில் நல்லதும் கெட்டதும் ஒரே பொட்டலமாகத்தான் வரும்.

இனி ஒரு வெளிநாட்டுக் கதை. ஒன்றுதான், பயப்படாதீர்கள். சரி, இரண்டு. நியூயோர்க்கின் நடுவில் பிரையன்ட் பார்க் என்று ஒன்று. 1970களில் போதைப்பொருள் விற்பவர்களின் கோட்டையாகிவிட்டது. நல்ல சனம் உள்ளே கால்வைக்காது. வில்லியம் வைட் என்று ஒரு மனிதர், பூங்காக்களிலும் முற்றங்களிலும் கமெராவை வைத்துவிட்டு மணிக்கணக்காகச் சனத்தைப் பார்ப்பதையே ஆராய்ச்சியாகச் செய்தவர். அவர் சொன்னது பொலிசைக் கூட்டச் சொல்லி இல்லை. வேலியும் உயரமான செடியும் சேர்ந்து பூங்காவை வீதியிலிருந்து மறைக்கின்றன, வாசல்கள் ஒடுங்கியிருக்கின்றன, மறைவு இருப்பதால் மறைவான தொழில் நடக்கிறது என்றார். 1988இல் மூடித் திருத்தினார்கள், 1992இல் திறந்தார்கள். வாசலை அகட்டி, செடியை எடுத்து, பாதையைத் திறந்து, பிறகு ஒரு விசித்திரமான காரியம்: எங்கும் பூட்டிவைக்காத கதிரைகள். ஆயிரக்கணக்கில். நினைத்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகலாம். களவு போகாதா என்று கேட்பீர்கள். அங்கேயும் கேட்டார்கள். கதிரைகள் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன.

வைட் கவனித்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கதிரை சரியான இடத்தில் இருந்தாலும் மனிதர் உட்காரும் முன் அதை ஒரு அங்குலமாவது நகர்த்துவாராம். இந்த இடத்தை நான் தெரிந்தெடுத்தேன் என்று தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி. நம்முடைய மரத்தடி வாங்கைக் கிளப்பியவர்களை அவர் பார்த்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பார். இன்னொன்றும் சொன்னார்: ஓர் இடத்தில் பெண்கள் குறைந்தால் அங்கே ஏதோ பிழை இருக்கிறது.

இரண்டாவது கதை வியன்னா. 1990களின் நடுவில் அங்கே கணக்கெடுத்தார்கள். சின்ன வயதில் பெண்பிள்ளைகளும் பூங்காவுக்கு வருகிறார்கள், ஒன்பது பத்து வயதோடு நின்றுவிடுகிறார்கள், பெடியன்கள் மட்டும் தொடர்ந்து வருகிறார்கள். ஏன்? நடுவில் ஒரே ஒரு பந்து மைதானம், அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவருக்கு மூலைதான். 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றினார்கள். நிலத்தைப் பல துண்டாக்கி, வாசலைக் கூட்டி, வொலிபோலுக்கும் பட்மின்டனுக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

தோட்டத்துப் பாடசாலைகளில் படிப்பித்த எனக்கு இது புதினம் இல்லை. பிள்ளை மடுவத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாகத் தவழும். லயத்துக்கு முன்னால் ஒன்றாக ஓடும். பெண்பிள்ளை பத்து வயதைத் தாண்டினால் அதற்கு விளையாட இடம் என்று ஒன்று இல்லை. பாதி வீட்டு வேலை, பாதி சனம் என்ன சொல்லும் என்கிற பயம். அதற்காக அவர்களுக்குத் தனி வேலி போடச் சொல்லவில்லை. நாலு பிள்ளைகள் இருந்து கதைக்க, வீதியிலிருந்து பார்த்தால் தெரிகிற, ஆனால் கிரிக்கெட் பந்து வந்து விழாத ஓர் இடம். கூடவே பூட்டாத, தண்ணீர் வருகிற, உள்ளே தாழ்ப்பாள் வேலை செய்கிற மலசலகூடம். இந்தத் தாழ்ப்பாளை நான் அழுத்திச் சொல்கிறேன். முன்வரிசைத் தாய்மார் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. நீரூற்றுக்குப் போகிற காசில் எத்தனை தாழ்ப்பாள் போடலாம் என்று கணக்குப் பாருங்கள்.

மரம் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் பழைய பூங்கா என்றே பெயர் கொண்ட ஒரு பூங்கா உண்டு. 1829 முதல் 1867 வரை அங்கே அரசாங்க அதிபராக இருந்த டைக் துரை உண்டாக்கியது. அவர் இருந்த மாளிகை இன்று இடிந்த சுவர். மரங்கள் நிற்கின்றன, நிழலும் நிற்கிறது. ஆகவே பூங்காவைத் திருத்த வருகிறவர் கையில் கோடரியோடு வந்தால் முதலில் ஒரு தேத்தண்ணி கொடுத்து உட்கார வையுங்கள், மரத்தடியில். அரை மணித்தியாலத்தில் மனம் மாறக்கூடும்.

சும்மா கிடக்கிற நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாத்தளையில் மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் ஓடும்போது வருகிற சனம் எங்கே இருந்து சோறு தின்கிறது? வெசாக்குக்குத் தன்சல் எங்கே போடுகிறார்கள்? வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து வருகிறவர்கள் எங்கே நின்று நலம் விசாரிக்கிறார்கள்? வெறும் தரையில். வரைபடத்தில் வெள்ளையாகத் தெரிகிற இடத்தையெல்லாம் நிரப்பத் துடிக்கிற பொறியியலாளர் வருடத்தில் மூன்று நாளாவது அந்த ஊரில் நிற்க வேண்டும். மூன்று சமூகமும் ஒன்றாகக் குந்துகிற இடம் இந்த நாட்டில் அதிகம் இல்லை. அதைக் கொங்கிறீட் மானுக்குக் கொடுக்கலாமா?

திருத்திய பிறகு பராமரிப்பது யார் என்று கேட்பீர்கள். சென்னை மயிலாப்பூரில் நாகேஸ்வரராவ் பூங்காவைச் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனம் பொறுப்பெடுத்து நடத்துகிறது. ஒலிபெருக்கி இல்லாமல் மரத்தடியில் பிள்ளைகள் பாடும் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி அங்கே பெயர்போனது. நமக்கு அப்படி ஒரு நிறுவனம் வாசலில் நிற்கவில்லை. கச்சான் அக்கா நிற்கிறார். ஒரு மூலையைச் சின்ன வாடகைக்கு அவருக்குக் கொடுத்து, வாசலைக் கூட்டச் சொன்னால் கூட்டுவார். சனம் வந்தால்தான் அவருக்கு வியாபாரம், ஆகவே பூங்கா உயிரோடு இருக்க வேண்டும் என்பதில் ஊரிலேயே அவருக்குத்தான் அக்கறை அதிகம். துரத்துவதற்கு முன் இதை யோசியுங்கள்.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்களிடம் ஒரே ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ஊர்ப் பூங்காவுக்குத் திருத்த வேலை வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், அதற்கு முன் ஒரு சனிக்கிழமையும் ஒரு கிழமை நாளும் அங்கே போய் இருங்கள். விடிய ஐந்தரைக்குத் தொடங்கி இரவு ஏழரை வரைக்கும், ஆள் மாறி ஆள். ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு குடை. யார் வருகிறார்கள், எந்த வழியால் வருகிறார்கள், எங்கே இருக்கிறார்கள், எப்போது எழும்பிப் போகிறார்கள், வராதவர்கள் யார் என்று எழுதுங்கள். வராதவர்களை வீட்டில் போய்க் கேளுங்கள். வேலை செய்யாத விளக்கையும் தாழ்ப்பாளையும் எண்ணுங்கள். கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன் அந்தக் கொப்பியின் பிரதியைப் பிரதேச சபையில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் எடுங்கள். முதலாவதாக எழுத விரும்பும் பிள்ளைகளுக்கென்று இரண்டு டசின் கொப்பி கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் இருக்கிறது. பின்னால் நிற்கிற தம்பிமாருக்குத்தான் கிட்ட.